சிப்பிப்பாறைக்கு ஒரு வீடு

கேள்வி: கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் எங்கள் வீடு. இரண்டு வயது சிப்பிப்பாறை நாய் ராத்திரிக் காவலுக்கு வாசலிலேயே கிடக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற மாதிரி அதற்கு ஒரு வீடு செய்ய வேண்டும். மாட்டுக்கொட்டகையைப் பிரித்தபோது மிஞ்சிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும், பழைய வீட்டின் ஜன்னல் கதவுகளும் சும்மா கிடக்கின்றன. அவற்றை வைத்தே செய்யலாமா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கிடப்பதை வைத்துச் செய்ய நினைப்பது நல்ல புத்திதான். ஆனால் இந்த இரண்டும் வேண்டாம் அம்மா. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் முழுசாகக் கிடக்கும்வரை பெரிய தொல்லை தராது. நாய் வீட்டு அளவுக்கு அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் கிளம்பும் தூசுதான் நுரையீரலுக்கு எமன். ஜன்னல் கதவில் இருப்பது பழைய பெயிண்ட். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் என்ன கலந்திருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் நாய்க்கோ இரண்டு வயது. மரத்தைக் கடிக்காமல் இருக்குமா? சுரண்டி எடுத்துவிடலாம் என்றும் இறங்காதீர்கள், அந்தத் தூசு உங்களுக்கும் கெடுதல்.

மழையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊரில் நாயைப் படுத்துவது வெயில். என் நாய் மணிக்கு முதலில் செய்த வீட்டுக்கு வெறும் தகரக் கூரைதான் போட்டேன். சித்திரை முழுக்க அது அந்தப் பக்கமே போகவில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குழி பறித்துப் படுத்தது. சூட்டைத் தடுக்கலாம் என்று உள்ளே தெர்மகோல் ஒட்டினேன். இரண்டே நாளில் பாதியைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தது. மரவேலைக்காரன் வீட்டு நாய்க்கு இந்தக் கதி! அப்புறம்தான் மேலே ப்ளைவுட், அதன்மேல் இரண்டு அங்குல ரீப்பர் (மரச் சட்டம்), அதற்கும் மேலே தகரம் என்று போட்டேன். நடுவில் காற்று ஓடுவதால் சூடு கீழே இறங்குவதில்லை. வேப்பமர நிழலில் வைத்தால் இன்னும் நல்லது.

சுவருக்கும் தரைக்கும் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, தண்ணீரைத் தாங்கும் மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, பலகையில் முத்திரையைப் பாருங்கள். அறுத்த ஓரம் வழியாகத்தான் தண்ணீர் ஏறும். அந்த ஓரங்களுக்கு இரண்டு கை பிரைமர் அடித்து, வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடியுங்கள். வாடை முழுக்கப் போன பிறகே நாயை விட வேண்டும். பழைய ரயில் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அதில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் நாயின் தோலைப் புண்ணாக்கும். உப்புக்காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடுங்கள்.

பலகை இடுக்குகளை மக்கு (மரத்துக்கான பட்டி) வைத்து அடைத்துவிடுங்கள். உண்ணி நாயைவிட்டு இறங்கி முட்டையிடுவது இந்த மாதிரி இடுக்குகளில்தான். கூரையைக் கழற்றி மாட்டும்படி செய்தால் கழுவிக் காயவைக்க வசதி.

தரை செங்கல்மேல் அரையடி உயரத்தில் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் வாசல் தெற்கே பார்க்கட்டும். சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, மார்கழிக் குளிரில் நடுங்கும். கோணிச் சாக்கு ஈரம் வாங்கினால் காயாது. வைக்கோல் போட்டு வாராவாரம் மாற்றுங்கள். அளவு என்றால், நாய் தலை இடிக்காமல் நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இந்த வீட்டை நம்பாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது என் பட்டறைக் கூரையே பறந்தது. மணி அன்றைக்கு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.