ரத்த இழப்பில் இதயத்தைக் காக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போடலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஐந்து வருடமாகிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ரத்தம் அதிகம் போனாலும் ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்கும் என்று படித்தேன். அந்த மாத்திரையை முன்கூட்டியே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்தது பொய்யல்ல, ஆனால் அது வேறு சூழலுக்கானது.

ரத்தம் பெருமளவு வெளியேறினால் அழுத்தம் விழும், இதயம் வேகமாகத் துடிக்கும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வு நேரத்தில்தான் போகிறது. துடிப்பு கூடினால் அந்த ஓய்வு சுருங்கிவிடும். செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏடிபி குறையும். பிறகு திரவம் ஏற்றி அழுத்தத்தை மீட்டாலும், ஆக்சிஜன் திரும்பும்போது உருவாகும் வேதிப்பொருள்களும் அழற்சியும் தசையை மேலும் பலவீனப்படுத்தும்.

அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் இர்ஷாத் சௌத்ரி குழுவினர் எலிகளில் ஆராய்ந்தது இந்தக் கட்டத்தைத்தான். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருந்த பெண் எலிகளின் இதயம் தாக்குப்பிடித்தது. ஆண் எலிகளிலும் சூலகம் நீக்கியவற்றிலும் தளர்ந்தது. திரவம் ஏற்றும்போதே எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையைக் கொடுத்தால் ஆண் எலிகளும் தேறின. ‘ஏகேடி’ என்னும் செல் சமிக்ஞை தூண்டப்படுவதும், ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 போன்ற காப்புப் புரதங்கள் கூடுவதும் இதற்குக் காரணங்கள்.

அளவைப் பாருங்கள். எலிக்குக் கொடுத்தது கிலோவுக்கு 1 மி.கி. மனிதருக்கு மாற்ற சுமார் 6-ஆல் வகுத்தாலும், 60 கிலோ பெண்ணுக்கு 10 மி.கி. ஆகிறது. மாதவிடாய் நின்றபின் தரும் மாத்திரையில் தினசரி 1 முதல் 2 மி.கி.தான். அதுவும் சோதனையில் கொடுத்தது ரத்தம் போன பிறகு, ஒரே ஒரு தடவை. மனிதர்களில் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

எதிர்ப்பக்க ஆபத்தோ உறுதியானது. புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்துடன் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு கூடியதால் 2002-இல் அமெரிக்காவின் ஒரு பெரிய ஆய்வை அந்தப் பிரிவில் நிறுத்தினார்கள். மூட்டு மாற்று சிகிச்சையே காலில் உறைவு வரவழைக்கக் கூடியது. அதோடு மாத்திரையையும் சேர்ப்பது விவேகமில்லை. அக்கா ஏற்கெனவே ஹார்மோன் எடுப்பவரென்றால் அறுவை மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்லலாம்.

உண்மையில் உதவுவது ஹீமோகுளோபின். அறுவைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் காரணம் கண்டு சரிசெய்யாமல் போகக் கூடாது. இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், தேநீர், காப்பி இல்லாமல் எடுக்கட்டும். அது பலன் தர வாரங்கள் பிடிக்கும், கடைசி நேரத்தில் தொடங்கிப் பயனில்லை. ரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் தருவார்களா என்று கேளுங்கள். முன்பு காலிலோ நுரையீரலிலோ உறைவு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்றவற்றை, முக்கியமாக ஸ்டென்ட் வைத்தவர்கள், தாமாக நிறுத்தக் கூடாது.