கேட்காத சேவைக்கு மாதம் 99 ரூபாய்

கேள்வி: என் தந்தையின் போஸ்ட்பெய்டு எண்ணுக்கு மாதம் 399 ரூபாய் திட்டம். மூன்று மாதங்களாக ‘மதிப்புக்கூட்டுச் சேவை’ என்ற பெயரில் 99 ரூபாய் கூடுதலாகப் பில்லில் ஏறியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்டால், “உங்கள் கைப்பேசியிலிருந்துதான் சம்மதம் வந்திருக்கிறது” என்கிறார்கள். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் தந்தை எந்தப் பொத்தானையாவது தவறுதலாக அழுத்தினாரா என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். சேவை மையத்தினர் உங்களை அங்கேதான் இழுப்பார்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, காலர் டியூன், ஜோதிடச் செய்தி போன்ற இத்தகைய கூடுதல் சேவையைத் தொடங்க ஒரு சம்மதம் போதாது. முதல் கோரிக்கைக்குப் பிறகு, கட்டணத்தையும் கால அளவையும் தெரிவித்து, வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் உறுதி பெற்ற பின்னரே கட்டணம் பிடிக்க வேண்டும். எனவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த இரண்டாவது உறுதி எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வழியாகப் பெறப்பட்டது என்ற பதிவைக் காட்டுங்கள்.

முதலில் 155223 என்ற கட்டணமில்லா எண்ணை அந்தக் கைப்பேசியிலிருந்தே அழைத்துச் சேவையை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நான்காவது மாதமும் ஏறிவிடும். பிறகு மூன்று பில்களின் முழு விவரப் பக்கங்களையும் பதிவிறக்கிக் கணக்குப் பாருங்கள். 99 ரூபாயோடு அதற்குரிய 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து மாதம் 116 ரூபாய் 82 காசு, மூன்று மாதத்துக்கு 350 ரூபாய் 46 காசு போயிருக்கிறது. வரியை விட்டுவிட்டு 297 ரூபாய் மட்டும் கேட்பது பலரும் செய்யும் பிழை. விளம்பரக் குறுஞ்செய்திகள் என்று ஒதுக்கியவற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். சேவை தொடங்கியதாக வந்த செய்தி அங்கே கிடந்தால், அதன் தேதி உங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்து நிறுவனத்தின் புகார் மையமான 198-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். எண் தராமல் “பார்த்துக்கொள்கிறோம்” என்பது பதிவான புகார் ஆகாது. அதே விவரத்தை அந்த எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுவது நல்லது. ஒரு மாதத் தொகையை மட்டும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ கழித்துத் தருவதாகச் சொன்னால், மீதிக்கான கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பில் தொடர்பான புகார்களைத் தீர்க்க நிறுவனத்துக்கு அதிகபட்சமாக ஆறு வாரம் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தனிநபர் புகார்களை அந்த ஆணையம் விசாரிப்பதில்லை.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்க முடியுமா என்ற பழைய ஐயத்துக்கு, முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் விடை சொல்லிவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. 350 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். மேல்முறையீடு வரையாவது போகாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதற்கு ஆகும் செலவு ஒரு மின்னஞ்சல்தான்.

இணைப்பு தந்தையின் பெயரில் இருப்பதால், புகாரும் மேல்முறையீடும் அவர் பெயரிலேயே, அவர் கையொப்பத்துடன் போகட்டும்.