இட்லியை எதற்கு இழுக்கிறீர்கள்?

கேள்வி: அண்டத்தை மொத்தமாகப் பார்த்தால் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்குமாமே? இட்லியைப் பிட்டால் உள்ளே தெரிகிற ஓட்டைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு இட்லியா? நான் சிறுவனாக இருந்தபோது தர்மபுரிப் பக்கம் இட்லி என்பது தீபாவளிப் பலகாரம், மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களிதான். "களியெல்லாம் ஒரு சாப்பாடா" என்று இதே பக்கத்துக்கு எழுதிய சேலத்து அன்பரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சிறுதானியம் என்று பாக்கெட்டில் போட்டதும் அவரே கிலோ கணக்கில் வாங்கியிருப்பார், அது வேறு கதை.

சரி, களிக்கே வருகிறேன். பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது அண்டம் கட்டியே தட்டாத களி. அப்போது கிளம்பிய ஒளியை இன்று அளந்து பார்த்தால் இடத்துக்கு இடம் வெப்பநிலை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறுகிறது. என் அம்மா துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாலும் அந்தப் பதம் வராது. ஆனால் அந்தத் துளி ஏற்றத்தாழ்வு போதுமாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகப் பொருள் இருந்த இடம் பக்கத்தில் இருந்ததை இழுத்தது, இழுத்ததால் கனத்தது, கனத்ததால் இன்னும் இழுத்தது. இழுப்பில் பெரும்பங்கு கண்ணுக்கே தெரியாத கரும்பொருளுடையது. இப்படி 1,380 கோடி ஆண்டுகளில் கேலக்ஸிகள், அதாவது விண்மீன் கூட்டங்கள் எல்லாம் இழை இழையாகவும், இழைகள் கூடுகிற இடத்தில் கொத்துக் கொத்தாகவும் சேர்ந்துவிட்டன.

இங்கேதான் உங்கள் இட்லி உதைக்கிறது. இட்லியின் ஓட்டை உள்ளே இருக்கிற வாயு தள்ளியதால் வந்தது. அண்டத்தின் ஓட்டையோ, சுற்றி இருப்பவர்கள் இழுத்துக்கொண்டு போனதால் வந்தது. இது புரிய வேண்டுமென்றால் தென்னக ரயில்வே வரைபடத்தைப் பாருங்கள். (ஆரம்பித்துவிட்டான் என்று ஓசூர் நண்பர் முனகுவது கேட்கிறது. உங்கள் ஊரில் ஸ்டேஷன் இருக்கிறது, நீங்கள் பேசாதீர்கள்.) தண்டவாளம்தான் இழை, சேலமும் ஜோலார்பேட்டையும் கொத்து, நடுவில் வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் கிருஷ்ணகிரி. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் வந்துகொண்டிருந்தது, அதையும் பிடுங்கியாயிற்று. மாவட்டத் தலைநகர், ஊரைச் சுற்றி மாம்பழம், ஆனால் ஸ்டேஷன் கிடையாது. பையன்கள் படித்து முடித்ததும் பஸ் ஏறி பெங்களூர் போகிறார்கள். காலியான இடம் மேலும் காலியாகிறது, கூட்டம் இருக்கும் இடத்தில் மேலும் கூட்டம். வானத்திலும் இதே கணக்குதான்.

2017இல் புனே விஞ்ஞானிகள் 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு பெருங்கொத்தைக் கண்டுபிடித்தார்கள். அகலம் 60 கோடி ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் ஓடுகிற தூரம்தான் ஓர் ஒளியாண்டு). சரஸ்வதி என்று பெயர் வைத்தார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டிருக்கும் நாம் முந்தியிருந்தால் தர்மபுரியின் பழைய பெயரான தகடூர் என்று வைத்திருக்கலாம், அதியமான் சந்தோஷப்பட்டிருப்பான்.

இட்லிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், கொப்பரையில் வெந்துகொண்டிருக்கிற இட்லியாக வைத்துக்கொள்ளுங்கள், அண்டம் இன்னும் உப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம், ஓட்டை என்றால் சுத்த சூனியம் என்று நினைக்க வேண்டாம். 1981இல் கண்டுபிடித்த பூட்டீஸ் வெற்றிடம் சுமார் 33 கோடி ஒளியாண்டு அகலம், அதற்குள்ளும் சில டஜன் கேலக்ஸிகள் குடியிருக்கின்றன. அவை ஸ்டேஷன் கேட்டு யாரிடம் மனுக் கொடுக்குமோ!