பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எந்த மானிட்டர் ஸ்பீக்கர்?

கேள்வி: வீட்டு மாடியில் 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஓர் அறை இருக்கிறது. நான் பாடுவதையும் நண்பர் வாசிக்கும் மிருதங்கத்தையும் பதிவு செய்து நானே மிக்ஸ் செய்கிறேன். இதுவரை கம்ப்யூட்டருக்கு வாங்கிய 2.1 ஸ்பீக்கரில்தான் வேலை. அறையில் நன்றாகக் கேட்பது, காரில் போட்டால் குரல் அமுங்கி ஒரே கும்மென்று இருக்கிறது. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எட்டு இன்ச் மானிட்டர்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். ஐந்து இன்ச் போதாதா? எந்த மாடல் வாங்கலாம்? — திருச்சி வாசகர்

பதில்: ஐந்து இன்ச் (பெட்டியில் இருக்கும் ஊஃபர் என்ற பெரிய கூம்பின் விட்டம்) போதும். உங்கள் அறைக்கு அதுதான் சரியும்கூட. 40,000 ரூபாயையும் ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடாமல், கால் பங்கையாவது அறைக்கும் கேபிளுக்கும் ஒதுக்கி வையுங்கள். அறையை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் கார் உங்களைக் கைவிடும்.

முதலில் காரில் ஏன் அப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம். 2.1 செட்டில் கீழ்ஸ்தாயியை, அதாவது பேஸை, ஒரு ஊஃபர் பெட்டி பார்த்துக்கொள்கிறது, மற்றதெல்லாம் இரண்டு சின்னப் பெட்டிகளின் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே, 150 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 150 அதிர்வு) மேலே, பெரும்பாலும் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனமும் மிருதங்கத்தின் உடம்பும் அங்கேதான் இருக்கின்றன. அது குறைவாகக் கேட்பதால் நீங்கள் ஈக்யூவில் (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி) அந்த இடத்தை ஏற்றியிருப்பீர்கள். காரில் அந்தப் பள்ளம் கிடையாது. நீங்கள் ஏற்றியது அத்தனையும் அங்கே குவிந்து கும்மென்று கேட்கிறது.

மானிட்டர் ஸ்பீக்கரின் வேலை இந்த மாதிரி ஏமாற்றாமல் இருப்பதுதான், இனிமையாகக் கேட்க வைப்பது அதன் வேலை இல்லை. யமஹா என்எஸ்-10 இதற்கு நல்ல உதாரணம். 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்க என்று வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் உலகம் முழுக்க ஸ்டுடியோ மேசைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2001-ல் தயாரிப்பை நிறுத்தும் வரைக்கும், அதற்குப் பிறகும், பொறியாளர்கள் அதை விடவில்லை. பேஸ் குறைவு, நடுஸ்தாயி முகத்தில் அடிக்கும். குரல் அரை டெசிபல் தூக்கலாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அதை வைத்துக்கொண்டார்கள்.

இனி எட்டு இன்ச் ஏன் வேண்டாம் என்பது. பெரிய ஊஃபர் இன்னும் கீழே போகும், உண்மைதான். யமஹா ஹெச்எஸ்8 கீழே 38 ஹெர்ட்ஸ் வரை போகிறது, ஹெச்எஸ்5 54 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஆனால் உங்கள் அறை அந்தக் கீழ்ப் பகுதியை ஒழுங்காகக் கேட்க விடாது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மாட்டிக்கொண்டு நின்று முழங்கும். அதைக் கணக்கிட, 343-ஐச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். உங்கள் 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் வரும், 10 அடிக்கு 56. கூரையும் 10 அடி உயரம் என்பதால் அந்த 56 இரண்டு திசையிலிருந்தும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். எட்டு இன்ச் ஊஃபர் இந்த இரண்டு இடத்தையும் நன்றாகவே கிளப்பிவிடும். பேஸ் கிடாரில் ஒரு ஸ்வரம் அறையை நிரப்பும், அடுத்தது காணாமல் போகும்.

இதை இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி, 56 ஹெர்ட்ஸை உங்கள் 2.1 ஊஃபர் வழியாக மிதமான சத்தத்தில் ஓட விடுங்கள். ஊஃபர் பெட்டி பக்கச் சுவரை ஒட்டி இருக்கட்டும். பிறகு ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மெதுவாக நடங்கள். சுவரோரம் காதை அழுத்துகிற அளவுக்கு இருக்கும். ஐந்தாவது அடி வாக்கில், நட்டநடுவில், ஊஃபரை அணைத்துவிட்டார்களோ என்று தோன்றும். இன்னும் ஐந்து அடி போனால் திரும்பி வந்துவிடும். ஸ்பீக்கர் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான், கேட்கிற இடம் மட்டுமே மாறியது. இதை ஒருமுறை காதால் கேட்டவர்கள் ஸ்பீக்கர் விமர்சனங்களைப் பழைய மாதிரி படிக்க மாட்டார்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். பேஸ் வந்து மோதினால் பலகை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், கொஞ்சம் வெளியே கசியவும் விடும். நம் வீட்டில் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ். எதுவும் அசையாது. போன பேஸ் முழுசாகத் திரும்பி வரும். அவர்கள் அறையில் எட்டு இன்ச் சமாளிக்கும் என்றால் நம் அறையிலும் சமாளிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எந்த மாடல்? ஐந்து இன்ச்சில் யமஹா ஹெச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, கேஆர்கே ராக்கிட் 5, ஆடம் டி5வி ஆகிய நான்கும் வீட்டு ஸ்டுடியோக்களில் நிறையப் புழங்குபவை. குரலும் மிருதங்கமும்தான் உங்கள் வேலை என்பதால் நானாக இருந்தால் ஹெச்எஸ்5-ஐயோ 305பி-யையோ எடுப்பேன். ஹெச்எஸ்5 நடுஸ்தாயியைக் கறாராகக் காட்டும். குரலில் வரும் மூக்கொலி, ‘ஸ’ உச்சரிப்பின் சீறல், மிருதங்கச் சொல்லு விழும்போது குரலோடு எங்கே மோதுகிறது என்பதெல்லாம் தெரியும். 305பி கீழே இன்னும் கொஞ்சம் போகும். நீங்கள் நாற்காலியில் சற்று நகர்ந்தாலும் ஒலி அவ்வளவாக மாறாது. இரண்டில் எது கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இந்த வகுப்புக்குள் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் இருக்கும் வித்தியாசத்தைவிட, வைக்கும் இடத்தால் வரும் வித்தியாசம் பெரியது.

விவரப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘54 ஹெர்ட்ஸ் முதல்’ என்று போட்டிருந்தால், எத்தனை டெசிபல் இறங்கிய பிறகு அந்த எண் என்று பக்கத்தில் இருக்கும். ஹெச்எஸ்5-க்கு அது 10 டெசிபல் இறங்கிய இடம். 305பி-க்கு அதே அளவுகோலில் 43 ஹெர்ட்ஸ், 3 டெசிபல் அளவுகோலில் 49. அளவுகோல் பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிட்டால் தப்பாகத்தான் முடியும். வாட்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி உட்காருகிறவருக்கு ஹெச்எஸ்5-ன் 70 வாட்ஸ் தாராளம்.

பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவர் பக்கம் வைக்கவே கூடாது என்றும் பயமுறுத்துவார்கள். துளை மூச்சுவிட ஐந்தாறு விரல் இடைவெளி இருந்தால் போதும். கீழ்ஸ்தாயி பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும்தான் பரவுகிறது. துளை முன்னால் இருந்தாலும் சுவர் அதை ஏற்றிக் காட்டத்தான் செய்யும். அதைக் குறைக்கத்தான் ஹெச்எஸ்5-ன் முதுகில் ‘ரூம் கன்ட்ரோல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. 0, கழித்தல் 2, கழித்தல் 4 என்று மூன்று நிலைகள். சுவரோரம் வைத்தால் கழித்தல் 2-ல் தொடங்குங்கள்.

வைக்கும் விஷயத்துக்கு வருவோம், பாதி வெற்றி இங்கேதான். 10 அடிச் சுவரைப் பார்த்து உட்காருங்கள், 12 அடி நீளம் உங்கள் முதுகுப் பக்கம் போகட்டும். காது முன்சுவரிலிருந்து நாலரை அடி தூரத்தில் இருக்கட்டும். ஆறாவது அடியில் மட்டும் உட்காராதீர்கள், அங்கே 47 ஹெர்ட்ஸ் செத்துப்போகும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக, பக்கத்துக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ட்வீட்டர் (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர வேண்டும். இடது ஸ்பீக்கருக்கும் இடது சுவருக்கும் எவ்வளவு இடைவெளியோ, வலப்பக்கமும் அதே அளவு. டேப் பிடித்து அளந்து வையுங்கள், கண்ணளவு போதாது.

முன்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் ஒலியை வெட்டிவிடும். ஆண் குரல் நடமாடுகிற இடம் அது. குரல் சோகையாகக் கேட்கும், நீங்கள் மறுபடி ஈக்யூவில் ஏற்றுவீர்கள், பழைய கதைதான். முன்முகம் 35 சென்டிமீட்டரில் இருக்கும்படி நெருக்கி வைத்தால் அந்த வெட்டு 245 வாக்குக்கு மேலேறும். அங்கே ஸ்பீக்கருக்குப் பின்னால் சாத்திய ஒரு நாலு இன்ச் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையே அதை அடக்கிவிடும். அதனால் சின்ன அறையில் சுவரை நெருங்கித்தான் வைக்க வேண்டும்.

ராக்வூல் என்றதும் அறைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும். முட்டை அட்டையும் ஒரு இன்ச் நுரைப் பஞ்சும் வாங்காதீர்கள். அவை மேல்ஸ்தாயியை மட்டும் விழுங்கும், கும்மென்பது அப்படியே இருக்கும், அறை இன்னும் மந்தமாகிவிடும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூலை நாலு இன்ச் கனத்துக்கு அடுக்கி, மர ரீப்பரில் இரண்டுக்கு நாலு அடி சட்டம் அடித்து, மூச்சு ஊடுருவும் பருத்தித் துணி போர்த்தித் தைத்துவிடுங்கள். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தத் தூசு அரிக்கும். ஆறு பலகை செய்தால் நல்ல தொடக்கம். முன் மூலைகளில் இரண்டு, ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இரண்டு, பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று. பக்கச் சுவரில் எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்க, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நண்பர் ஒரு கண்ணாடியைச் சுவரோடு தேய்த்து நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே மாட்டுங்கள். மூலைப் பலகைகள் மிருதங்கத்துக்கு ரொம்ப முக்கியம். சுவர்களின் இரண்டாம் முழக்கம், முன்பு சொன்ன 47, 56-ன் இரு மடங்காக, 94-லும் 112-லும் வரும். தொப்பியில் (மிருதங்கத்தின் பேஸ் பக்கம்) விழும் ‘தொம்’ கனம் காட்டுகிற பகுதியில்தான் இதுவும் வந்து நிற்கிறது. தொப்பியில் கையை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது ஒலி வழுக்கிக்கொண்டு ஏறுவது சீராகக் கேட்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் உப்பினால், நண்பர் கை மேல் பழி போடாதீர்கள், அறைதான் காரணம்.

அறையில் இரும்பு பீரோ இருந்தால் 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை டோனை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் கதவு கிறுகிறுவென்று அதிரும். ஜன்னல் கண்ணாடியும் சுவரில் மாட்டிய படமும் அப்படித்தான். ரெக்கார்டிங்கில் இல்லாத சத்தத்தை ரெக்கார்டிங்கில் தேடிக்கொண்டிருப்பது கொடுமையான வேலை. பீரோவை வேறு அறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

கேபிள் சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) டிஆர்எஸ் அவுட்புட்டிலிருந்து பேலன்ஸ்டு கேபிள் (இரைச்சலை அடக்கும் மூன்று கம்பிக் கேபிள்) போடுங்கள். கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து இழுக்காதீர்கள். உறுமல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து மாடி பிளக் பாயிண்டுக்கு எர்த் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உறுமலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

வாங்கப் போகும்போது விலை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மானிட்டர்களைத் தனித்தனியாகவும் விற்பார்கள், பார்த்த விலை பாதி விலையாக இருக்கும். நீங்களே பதிவு செய்த ஒரு குரல் டிராக்கை எடுத்துப் போங்கள். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். தூக்கலாக இருப்பதுதான் நல்லது என்று காது ஏமாறும். பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் அருகே காதை வைத்து ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்றும் கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு அமைதியான அறையில் அது பெரிதாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓட்டி, உட்காரும் இடத்தில் போன் ஆப்பால் அளந்து, 75 டெசிபல் வாக்கில் இன்டர்ஃபேஸ் குமிழுக்கு நேரே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். மிக்ஸ் முடிவுகளை அந்தச் சத்தத்திலேயே எடுங்கள். சத்தம் குறையக் குறையக் காதுக்குப் பேஸ் குறைவாகத் தெரியும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். தினம் ஒரு சத்தத்தில் கேட்டால் தினம் ஒரு மிக்ஸ்தான் வரும். அப்புறம் முதல் சில வாரங்களுக்கு மிக்ஸ் செய்வதைக் குறைத்துக்கொண்டு, காரில் உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளை இதில் கேளுங்கள். நன்றாகப் பதிவான ஒரு மிருதங்கம் இந்த அறையில் எப்படி ஒலிக்கிறது என்று காதுக்குப் பழகினால்தான் உங்கள் மிருதங்கத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

பழைய 2.1-ஐ விற்றுவிட வேண்டாம். மிக்ஸ் முடிந்ததும் ஒருமுறை அதிலும், ஒருமுறை போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள், குரலின் வார்த்தைகள் புரிகின்றனவா என்பதற்கு மட்டும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு நல்ல ஹெட்போன் போதும், அதற்கு அறை கிடையாது. ஐந்து இன்ச்சோடு சப்வூஃபர் சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பலகைகள் மாட்டிய பிறகு, அளவெடுக்கும் மைக் ஒன்றை யாரிடமாவது வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளில் அறையை அளந்து பாருங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைபடம் இன்னும் மேடும் பள்ளமுமாக இருந்தால், அந்தப் பணத்தில் இன்னும் நாலு மூலைப் பலகை செய்யுங்கள்.