லாம்டா கோடை யாரோ மாற்றினால்: கேள்வி பதில்

கே: சார், அட்மின் அனுமதி இல்லாத டெவலப்பர் லாம்டா வழியாக அட்மின் ஆகிவிடலாமாமே?

ப: ஆகலாம். லாம்டா என்பது அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், சர்வரை நாமே பராமரிக்காமல் கோடை ஓட்டும் சேவை. அதில் ஓடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு ரோல், அதாவது அனுமதிகளைக் கொண்ட அடையாளம், உண்டு. அந்த ரோலுக்கு அதிகாரம் அதிகம் இருந்து, கோடை மாற்றும் அனுமதி ஒரு சாதாரண யூசரிடம் இருந்தால் போதும். ஃபங்ஷன் ஓடும்போது ரோலின் தற்காலிகச் சாவி என்விரான்மென்ட் வேரியபிள்களிலேயே கிடக்கும். மாற்றிய கோட் அதை எடுத்து வெளியே அனுப்பிவிடும். இதற்குப் பாஸ்ரோல் அனுமதிகூட (ஒரு சேவைக்கு ரோலை ஒப்படைக்கும் அனுமதி) வேண்டாம். பாஸ்ரோலை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க.

கே: கோடை யாராவது மாற்றினால் தெரியட்டும் என்று கிளவுட்ட்ரெயிலில் (ஏடபிள்யூஎஸ்ஸில் யார் என்ன செய்தார்கள் என்ற லாக்) அலர்ட் வைத்தேன். சோதித்தால் வரவே இல்லை.

ப: லாக்கில் அந்த நிகழ்வின் பெயர் 'அப்டேட்ஃபங்ஷன்கோட்20150331வி2'. தேதியும் பதிப்பும் உள்ள அந்த வாலை விட்டுவிட்டு முழுப் பெயர் பொருந்த வேண்டும் என்று எழுதியிருப்பீர்கள். பெயரின் தொடக்கத்தை மட்டும் வைத்துத் தேடுங்கள். கான்ஃபிகரேஷன் மாற்றத்துக்கும் அப்படியே. ஏனென்றால் அதில் சேர்க்கும் லேயர் (கூடுதல் கோட் பொதி) வழியாகவும் கோட் நுழையும். மாற்றியது டெப்ளாய் பைப்லைனின் (கோடைத் தானாக ஏற்றும் அமைப்பின்) ரோல் இல்லையென்றால் உடனே விசாரியுங்கள். அப்புறம், ஃபங்ஷனின் ரோல் திடீரென்று ஐஏஎம் (அனுமதிகளை நிர்வகிக்கும் சேவை) பக்கம் போகிறதா, புது ஆக்சஸ் கீ உருவாக்குகிறதா, பாலிசி ஒட்டுகிறதா என்று பாருங்கள். லாக்கில் அந்த ரோலின் செஷன் பெயர் ஃபங்ஷன் பெயராகவே இருப்பதால் தேடுவது எளிது. அந்தப் பெயரில் சம்பந்தமில்லாத ஐபியிலிருந்து அழைப்பு வந்தால் சாவி வெளியே போய்விட்டது.

கே: கார்ட்டியூட்டி (ஏடபிள்யூஎஸ்ஸின் அச்சுறுத்தல் கண்டறியும் சேவை) ஆன் செய்திருக்கிறோம். போதாதா?

ப: போதாது. அதன் லாம்டா பாதுகாப்பு பார்ப்பது நெட்வொர்க் போக்குவரத்தை. கோடை மாற்றியது யார் என்று அது சொல்லாது.

கே: ஃபங்ஷனை யார் இன்வோக் செய்தார்கள் (ஓட்டினார்கள்) என்று லாக்கில் இல்லையே?

ப: அது டேட்டா ஈவென்ட் என்ற தனி வகை. நீங்களாக ஆன் செய்தால்தான் பதிவாகும்.

கே: இவ்வளவு எதற்கு? கோட் சைனிங்கை (நம்பகமான கையெழுத்துள்ள கோடை மட்டும் ஏற்பது) என்ஃபோர்ஸ் செய்தால் கதை முடிந்தது.

ப: கன்டெய்னர் இமேஜாக ஓடும் ஃபங்ஷனுக்கு அது கிடையாதே.

கே: எங்களிடம் எல்லாமே ஜிப்தான்.

ப: நல்லது. சைனிங் அமைப்பைக் கழற்றும் அனுமதி யாரிடம்?

கே: டெவலப்பர்களுக்கு லாம்டா ஸ்டார் (லாம்டாவின் எல்லா அனுமதியும்) கொடுத்திருக்கிறோம்...

ப: அப்போது பூட்டும் சாவியும் ஒரே கையில். முதலில் ஸ்டாரை எடுங்கள், பிறகு வாதாடலாம். சைனிங் நல்லதுதான், நானும் போடச் சொல்வேன். ஆனால் அதைக் கழற்றும் நிகழ்வுக்கும் ஒரு அலர்ட் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், பெயரின் வாலில் தேதி இருக்கலாம், தொடக்கத்தை மட்டும் வைத்துத் தேடுங்கள்.

கே: கூகுள் கிளவுடில்?

ப: என் பக்கம் இல்லை. 2024-ல் டெனபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட 'கன்ஃப்யூஸ்டுஃபங்ஷன்' பற்றிப் படியுங்கள். அங்கே அப்போது சிக்கலாக இருந்தது, கோடை பில்ட் செய்யும் கிளவுட் பில்ட் சேவையின் சர்வீஸ் அக்கவுண்டுக்கு இருந்த அதிக அனுமதி.

கே: சார், கார்ட்டியூட்டி இருந்தால்...

ப: மேலே மூன்றாவது பதில்.