பதினான்காவது அத்தியாயத்தில் நின்ற கதை

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியை வைத்து இணையச் செயலி ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதி வந்தேன். 14 அத்தியாயங்களுக்குப் பிறகு கதை நகர மறுக்கிறது, வாசகர்களும் குறைந்துவிட்டார்கள். கல்கியும் வாராவாரம்தானே எழுதினார்? இத்துடன் நிறுத்திவிட்டு, எழுதியவரை உங்கள் இதழுக்கு அனுப்பலாமா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: அனுப்ப வேண்டாம். இணையத்தில் வெளியானதை நாங்கள் மறுபடி வெளியிடுவதில்லை என்பது சிறிய காரணம். பெரிய காரணம், நீங்கள் அனுப்பிய இணைப்பில் 14 அத்தியாயங்களையும் படித்துவிட்டேன் என்பது. அவற்றில் 9 அத்தியாயங்கள் யாரோ கதவைத் தட்டுவதோடு முடிகின்றன. ஆறாவதில் தட்டியவர் பால்காரர். பத்தாவதில் தட்டியது காற்று. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது தட்டலுக்கு எழுந்து வரவில்லையென்றால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி நீங்கள் எழுதுகிறீர்கள். ஆனால் 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்ததும், திப்புவின் கொடி ஏறியதும், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து அன்றைக்கே அடக்கியதும் வேலூரில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு வாசகர் திரும்பி வருவது, இந்த மனிதன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று அறியத்தான். அதை நீங்களே ஓரிடத்தில் செய்திருக்கிறீர்கள்: மூன்றாம் அத்தியாயத்தில், ஆங்கிலேயர் கட்டாயமாக்கிய, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை ஒரு சிப்பாய் வீட்டுக்குக் கொண்டுவர, அவன் தாய் அதைக் கையால் தொடாமல் முறத்தில் ஏந்திக் குதிருக்குப் பின்னால் வைக்கிறாள். அடுத்த வாரம் எப்போது வரும் என்று நான் நினைத்தது அங்கே மட்டும்தான். அந்தச் சிப்பாயை நான்காம் அத்தியாயத்தோடு கைவிட்டு, யாரென்றே தெரியாத ஓர் ஒற்றனின் பின்னால் போய்விட்டீர்கள். (உங்கள் சிப்பாய்கள் தஞ்சாவூர்த் தமிழ் பேசுவது தனிக் குறை, குடியாத்தத்துக்காரருக்கு அது எப்படி வந்தது?)

கல்கியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது அவர் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ என்ற இரண்டு சரித்திரத் தொடர்களை எழுதி முடித்திருந்தார். வாரப் பத்திரிகை நடத்திப் பல ஆண்டு பழகியிருந்தார். உங்களுக்கு இது முதல் தொடர். அதோடு, அச்சுக்குப் போகும் நாள் என்ற கெடுவும், ‘இது சரியில்லை, திருப்பி எழுதுங்கள்’ என்று சொல்ல ஓர் ஆசிரியரும் பத்திரிகையில் உண்டு. செயலியிலோ இரவு பதினொன்றுக்கு எழுதியது பதினொன்றரைக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே இப்போதைக்கு வெளியீட்டை நிறுத்திவைத்து, ஜூலை 10 காலையில் அந்தச் சிப்பாய் எந்த மதில்மேல், யார் பக்கத்தில் நிற்கிறான் என்று கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். பிறகு இடைப்பட்டவற்றில் குறைந்தது எட்டையாவது எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். வீட்டில் காய்ச்சல், திருமணம் என்று வரும் வாரங்களை அந்தக் கையிருப்பு தாங்கும்.

இன்னொன்று. நாயகனின் ஊர் பள்ளிகொண்டா என்று இருந்ததைச் சத்தமில்லாமல் விரிஞ்சிபுரம் என்று மாற்றியிருக்கிறீர்கள். பழையதைப் படித்த ஒருவர் கீழே கேட்டும் இருக்கிறார், நீங்கள் பதில் சொல்லவில்லை. திருத்தலாம், இணையத்தில் அது ஒரு வசதி. திருத்தியதை அத்தியாயத்தின் தலையில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நிறுத்திவைப்பதையும் அப்படியே சொல்லுங்கள்.

பின்னால் புத்தகமாக்கும் எண்ணமிருந்தால், செயலியில் சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை இன்றே எடுத்துப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்று எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அவர்களுக்கு மட்டுமே உரிமை என்று இருக்கிறதா, வேறிடத்திலும் வெளியிட உங்களுக்கு அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள். புத்தகம் போட வரும் பதிப்பாளர் முதலில் கேட்பது அதைத்தான்.