பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் என்ஜினைப் பற்றி நீங்கள் கேட்டவை

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களிடமிருந்துதான் இந்த மாதம் பாதிக் கேள்விகள். எல்லாவற்றிலும் அடியில் இருப்பது ஒரே பயம்: காசைக் கொட்டி வாங்கிய பிறகு என்ஜின் போய்விட்டால்? நியாயமான பயம்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள், திறந்த பிறகும் இந்த வயதுக் கார்கள் உள்ளே வராது. நாட்டில் ஏற்கெனவே இருக்கிறவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் பல கை பார்த்தவை. அதனால் "இந்த மாடல் நல்லதா" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு கார் என்ன காட்டுகிறது, கெட்டால் என்ன செலவாகும், இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணா, மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. "அந்த என்ஜின் போகும்" என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். விடவா, வாங்கவா?

தம்பி, பயமுறுத்துகிறவர்கள் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் மஸ்டாவே முன்னைய வருடங்களின் ஆர்எக்ஸ்-8 என்ஜின்களுக்கு உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது. ஆனால் அது எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் எதைப் பார்ப்பது என்று புரியும். அது பிஸ்டன் இல்லாத என்ஜின், 1.3 லீட்டர், பிஸ்டனுக்குப் பதில் சுழலும் முக்கோணத் துண்டுகள், அதாவது ரோட்டர், இரண்டு. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்தான் காற்றை அடைத்துப் பிடிக்கிறது. அந்தச் சீலுக்கு எண்ணெய் போட என்ஜினே கொஞ்சம் ஒயிலைக் குடிக்கும், அது குறை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் ஒயில் மட்டத்தைப் பார்க்காமல் ஓட்டியவரின் கார் முதலில் சாகும். இரண்டாவது வழி, பெட்ரோலை எரிக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் கொயில் பலவீனமாகிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்ப் புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரை அடைக்கிறது, வெளியே போக வேண்டிய சூடு உள்ளேயே நிற்கிறது, அந்தச் சூட்டில் சீல் கெடுகிறது. அதாவது கொயிலை நேரத்துக்கு மாற்றாதவர் என்ஜினையே இழக்கிறார்.

சாதாரணக் காருக்குக் குளிர்ந்த ஸ்டார்ட் முக்கியம். இதற்குச் சூட்டு ஸ்டார்ட். அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள். நீளமாக உருட்டினால்தான் பிடிக்கிறது என்றால் கொம்பிரஷன் (என்ஜின் உள்ளே காற்றை அழுத்தும் அளவு) குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பெட்டரி வீக்" என்பார்கள், அப்படியானால் புதுப் பெட்டரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் கொம்பிரஷன் டெஸ்ட். சாதாரண கேஜ் போதாது, ரோட்டரி என்ஜினுக்கென்று இருக்கும் கருவியோடு ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கத்துச் சீல் செத்திருப்பது தெரியவே தெரியாது. மஸ்டா சொல்லும் குறைந்த அளவு நிமிடத்துக்கு 250 சுற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோ. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான், டெஸ்டில் வரும் எண்ணும் அதே அளவுக்குக் குறையும். நுவரெலியாவில் 6.2 காட்டினால் கீழே அது 7.7க்குப் பக்கம், நல்ல என்ஜின். அதே 6.2ஐக் கொழும்பு கராஜ் காட்டினால் என்ஜின் முடிந்தது. அதனால் ரிப்போர்ட்டில் எந்த ஊரில், எத்தனை சுற்றில் எடுத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத ரிப்போர்ட்டுக்காகப் பத்து ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

டெஸ்ட் நல்லதாக வந்து, விலையோடு ஒரு என்ஜின் கட்டும் செலவும் உங்கள் கையில் இருந்தால் வாங்குங்கள், அந்த என்ஜின் சுற்றுகிற சுகம் வேறெதிலும் கிடைக்காது. அந்தச் செலவு கையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வாங்கினால், முற்றத்தில் இடம் மாற்றுவதற்காக ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்தும் பழக்கம் வேண்டாம், பெட்ரோல் நிரம்பி அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

நுவரெலியாவிலிருந்து: டேர்போ இல்லாத 2 லீட்டர் ஹொண்டா. கொழும்பில் ஓட்டியபோது பறந்தது, இங்கே கொண்டு வந்தால் சோர்ந்து போகிறது. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன அதே 80 சதவீதக் கணக்குதான், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டேர்போ இல்லாத என்ஜின் உங்கள் ஊரில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடும். கம்பளைக்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் சோர்வாக இருந்தால் அப்போது கவலைப்படலாம்.

ஹட்டனிலிருந்து: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், டேர்போ, "கொழும்பில் டியூன் பண்ணியது" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது நல்லதா கெட்டதா?

டியூன் என்றால் என்ஜின் கணினியின் கணக்கை மாற்றுவது. யார் டியூன் பண்ணினார், எந்தப் பெட்ரோலுக்குப் பண்ணினார் என்று எழுத்தில் இல்லாவிட்டால் கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் சந்தைக்கு வந்த இந்தக் கார்கள் அங்கே 100 ஒக்டேன் பக்கம் கிடைக்கும் பெட்ரோலை நினைத்துச் செய்யப்பட்டவை. நமக்கு 92, 95. அதற்கு மேல் பூஸ்டையும் (டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டிவிட்டு 92 அடித்து ஓட்டினால் நொக் வரும், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து அடிக்கும், அந்த அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். 2.5 லீட்டர் சுபாரு டேர்போக்கள் இதற்குப் பேர்போனவை, 2 லீட்டர் கொஞ்சம் தாங்கும், ஆனால் தப்பாது.

இன்னொன்று. மலையில் காற்று மெலிந்திருப்பதால் அதே பூஸ்டைக் கொடுக்க டேர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும், சூடும் கூடும். கொழும்பின் காற்றுக்குப் போட்ட டியூனோடு கினிகத்தேனை ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கிற ஆள் நீங்கள் என்றால் முதல் வேலையாக ஒரிஜினல் டியூனுக்குத் திரும்புங்கள்.

மிட்சுபிஷி லான்சர் எவோ பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த 4ஜி63 என்ஜினில் டைமிங் பெல்ட்டுக்கு உள்பக்கம் இன்னொரு சின்ன பெல்ட், அதிர்வைக் குறைக்கும் பாலன்ஸ் ஷாஃப்டுக்கு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் வளைந்துவிடும். "பெல்ட் மாற்றியாச்சு" என்றால் இரண்டுமா என்று கேளுங்கள்.

பதுளையிலிருந்து: ஐயா, என்னிடம் கருவி எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்தே என்ஜினைக் கண்டுபிடிக்க முடியுமா?

மலைநாட்டில் இருக்கிறீர்கள், அதைவிட நல்ல கருவி எது? காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், போனதும் பொனட்டைத் திறந்து கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குளிர் காலையில் வெள்ளைப் புகை வருவது வெறும் ஆவி, சூடேறினால் நின்றுவிடும். சூடேறியும் நிற்காமல் இனிப்பு வாசனையோடு வந்தால் ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போயிருக்கிறது.

பிறகு நீளமான ஓர் இறக்கத்தில், நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் மாதிரி, இரண்டாம் மூன்றாம் கியரில், அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து என்ஜின் பிடியிலேயே இறங்குங்கள். அப்போது என்ஜினுக்குள் வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியாக ஒயிலை உறிஞ்சும். கீழே வந்ததும் ஒரு மிதி மிதியுங்கள், பின்னால் வருகிற நண்பர் நீலப் புகையைப் பார்த்தால் வால்வு சீல். இறக்கத்தில் ஒன்றும் இல்லாமல், ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது நீலப் புகை விடாமல் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. முதலாவது தாங்கக்கூடிய செலவு, இரண்டாவதுக்கு என்ஜினைப் பிரிக்க வேண்டும். டேர்போ காரில் டேர்போவின் சீல்கூட நீலப் புகை தரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏற்றத்தின் உச்சியில் நிறுத்தி சூட்டு முள்ளைப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் (என்ஜின் ஆறிய பிறகு) பாருங்கள். நம் பக்கம் ஓடைத் தண்ணீரை ஊற்றியே ஓட்டுகிற வழக்கம் உண்டு, துருநிறமாக இருந்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது, அலுமினியமும் அரித்துக்கொண்டிருக்கலாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கொஞ்சம் முன்பே கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் அந்தக் கார் மலையில்தான் முதலில் கொதிக்கும்.

கொட்டகலையிலிருந்து: லண்டனில் இருக்கும் தம்பி 2003 போர்ஷே பொக்ஸ்டர் பார்க்கிறான். ஏதோ பியரிங் பிரச்சினையாம்.

இன்டர்மீடியட் ஷாஃப்ட் பியரிங், அதாவது என்ஜினுக்குள் கேம்ஷாஃப்டுகளைச் சுற்ற வைக்கும் தண்டைத் தாங்கும் பியரிங். 1997இலிருந்து 2008 வரை வந்த பொக்ஸ்டரிலும், டேர்போவும் ஜிடி3யும் அல்லாத 911களிலும் இருக்கிறது. சில வேளை எந்த அறிகுறியும் காட்டாமல் உடையும், உடைந்தால் என்ஜினே போகும். அமெரிக்காவில் வழக்குவரை போன விஷயம் இது. தம்பி பார்க்கிற 2003 கார், பலவீனமானது என்று பெயரெடுத்த ஒற்றை வரிசைப் பியரிங் வந்த வருடங்களில் விழுகிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் அது உடைந்ததில்லை என்பதும் உண்மை, உடைந்தவர்தான் ஊரெல்லாம் சொல்வார். கிளட்ச் மாற்ற கியர்பொக்ஸைக் கழற்றும்போதே இந்தப் பியரிங்கையும் மாற்றலாம், கூலி மிச்சம். மாற்றியதற்கு பில் இருக்கிறதா கேட்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஒயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்க்கவும் சொல்லுங்கள், மினுமினுவென்று உலோகத்தூள் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடட்டும். மைலேஜ் குறைவு, பல வருடம் நிறுத்தி வைத்தது என்பது இந்தக் காருக்குப் பெருமை இல்லை.

பண்டாரவளையிலிருந்து: 2012 டொயோட்டா 86, எதைக் கவனிக்க?

வால்வு ஸ்பிரிங். 2018இல் அதைத் திருத்தக் கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தத் திருத்தத்துக்கு என்ஜினையே கழற்ற வேண்டும், சரியாகச் செய்யாமல் சீலன்ட் பிதுங்கி ஒயில் வழியை அடைத்துப் பிறகு கெட்ட என்ஜின்களும் வெளிநாட்டில் உண்டு. அதனால் செய்ததா என்பதோடு யார் செய்தது என்பதையும் கேளுங்கள்.

கண்டியிலிருந்து: "என்ஜின் இப்போதான் மாற்றியது" என்கிறார். அப்படியானால் பயமில்லைதானே?

பயம் கூடுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் எடுத்த பழைய என்ஜினா, பிரித்துக் கட்டியதா? கட்டியது என்றால் பியரிங், ரிங், கேஸ்கட் வாங்கிய பில்களும் லேத்தில் வேலை செய்த பில்லும் இருக்கும். பழைய என்ஜின் என்றால் அதன் வரலாறு யாருக்கும் தெரியாது, முழு டெஸ்டையும் செய்ய வேண்டும். என்ஜினில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தித் தந்த பிறகுதான் காசு.

நோர்வூட்டிலிருந்து: கையில் உள்ளதை முழுக்கப் போட்டு, மீதிக்கு லீசிங் எடுத்து பி16 என்ஜின் ஹொண்டா சிவிக் வாங்கலாமா? அல்லது அதைவிடக் குறைவாக வரும் பழைய மஸ்டா ரோட்ஸ்டரா?

தம்பி, முழுக்கப் போடாதே. என்ஜின் தேய்ந்து போனால் இன்ஷூரன்ஸ் தராது, லீசிங் தவணை மட்டும் நிற்காமல் வரும். இரண்டுமே நல்ல என்ஜின், ஆனால் கெட்டால் ஆகும் செலவு ஒன்றல்ல. டைமிங் பெல்ட் அறுந்தால் பி16இல் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட்டைக் கழற்ற வேண்டும். முதல் தலைமுறை 1.6 ரோட்ஸ்டரில் பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான், புதுப் பெல்ட் போட்டு ஓட்டலாம். உதிரிப்பாகமும் கிடைக்கும், வேலையும் எளிது. உன் நிலைமைக்கு நான் ரோட்ஸ்டரைத்தான் சொல்வேன். சிவிக்தான் வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டு வாங்கு, வாங்கிய வாரத்திலேயே பெல்ட், வோட்டர் பம்ப், ஒயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அப்புறம் ரோட்டில் இறக்கு.